சோஹாரில் கிடைத்த பாதிக் கதை

ஓமானின் சோஹார் பேருந்து நிலையத்தில் மஸ்கட் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். பக்கத்து இருக்கையில் குளச்சல்காரரான நர்ஸ் ஜெசிந்தா, துபாய் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருக்கிறார். பையிலிருந்து பழுப்பேறிய இரண்டு சித்திரக்கதை இதழ்களை எடுக்கிறார். சிறுவர்களுக்காக லண்டனில் அச்சான பழைய வார இதழ்கள்.

இப்படிப்பட்ட கதைகளைச் சிறுவயதில் நான் தமிழில்தான் படித்திருக்கிறேன், அதுவும் நண்பர்களிடம் கெஞ்சி வாங்கிய கையடக்கப் புத்தகங்களில். மூல இதழை இன்றுதான் நேரில் பார்க்கிறேன். எவ்வளவு பெரிய பக்கம், அட்டையில் எவ்வளவு வண்ணம்.

"இது எங்க கிடைச்சுது?"

"அப்பா கப்பல்ல குக்கா இருந்தாவ. லீவுக்கு வரும்போதெல்லாம் ஒரு கட்டு கொண்டு வருவாவ. வீட்டுல பெட்டி நெறய கெடக்கு."

பெட்டி நிறைய. வயிறு எரிகிறது. ஐம்பதைத் தாண்டியவனுக்கு இது அழகில்லை என்று தெரிந்தும் எரிகிறது.

"ஒண்ணு எனக்குத் தருவீங்களா?"

"அப்பா இப்ப இல்ல. தர மாட்டேன். பஸ் வர்ற வரைக்கும் படியுங்க."

ஒன்றை நீட்டுகிறார். கதையில் ஒரு சிறுவன் கடற்குகையில் மாட்டிக்கொள்கிறான். கடைசிக் கட்டத்தில் தண்ணீர் அவன் கழுத்துவரை ஏறிவிட்டது. மீதி அடுத்த வாரம். அந்த அடுத்த வாரம் ஜெசிந்தாவின் மடியில் விரிந்து கிடக்கிறது.

என் பஸ் வந்துவிடுகிறது. இதழைத் திருப்பிக் கொடுக்கிறேன்.

"பையன் தப்பிச்சானா?"

"தப்பிச்சிட்டான்."

"எப்படி?"

டிரைவர் "யல்லா" என்று அவசரப்படுத்துகிறார். ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்க்கிறேன். ஜெசிந்தா தனக்குள் சிரித்தபடி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.