பெரிய கார்டா, நல்ல எஸ்.எம்.பி.எஸ்ஸா

என் பழைய லேப்டாப் ஒரேயடியாகப் படுத்துவிட்டபோது, எனக்கும் என் கணவருக்கும் இடையிலான பேச்சும் பாதி நின்றுபோனது. அவர் குவைத்தில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். நான் ஸ்ரீரங்கத்தில் வாடகை ஃப்ளாட்டில் இருந்துகொண்டு, புத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷன் பார்க்கிறேன். கல்யாணமான நான்காவது மாதமே அவர் கிளம்பிவிட்டார். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு, எனக்கும் அரை நாள்தான் வேலை. அன்று மதியம் அவர் அங்கேயும் நான் இங்கேயும் உட்கார்ந்து ஒரே விளையாட்டை ஆடுவோம். ஆளில்லாத தீவில் குடிசை கட்டி, மீன் பிடித்து, ஓநாய் வந்தால் ஓடி ஒளிகிற விளையாட்டு. அதற்குள்தான் நாங்கள் சண்டை போட்டோம், சமாதானமானோம், வயிறு வலிக்கச் சிரித்தோம். அது நின்ற பிறகு போனில் "சாப்டியா", "சாப்டேன்" என்பதற்கு மேல் ஓடவில்லை.

பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் சேர்த்துவிடலாம் என்று அவர்தான் சொன்னார். எண்பதாயிரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு மாதம் லிஸ்ட் எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தோம். படம் காட்டும் வசதி இல்லாத ப்ராசசர் எடுத்தால் கொஞ்சம் மிச்சமாகும் என்று கண்டுபிடித்தது நான். மிச்சமாவதையெல்லாம் திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டில் போட வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் மனதில் ஒரு பெரிய கார்டு இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, காலையிலேயே தென்னூரில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் லிஸ்டைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சார் வரலைங்களா?"

"இல்லைங்க, நான்தான் வாங்கறேன்."

பெரிய கார்டு வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது என்றார். எஸ்.எம்.பி.எஸ்ஸை, அதாவது எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை, மட்டமானதாக மாற்றிக்கொண்டால் போதும். வெளிப்பெட்டியான கேபினட்டோடு சேர்த்தே ஒன்று தருகிறாராம். எடுத்துக் காட்டினார். கையில் வாங்கினால் காலி டப்பா மாதிரி கனமே இல்லை.

எங்கள் சென்டரில் இப்படி ஒன்றுதான் போன கோடையில், கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது, என் முழங்காலுக்குப் பக்கத்தில் டப்பென்று வெடித்தது. மதர்போர்டு, டிஸ்க் எல்லாம் போய்விட்டன. அந்தக் கருகல் வாடை இரண்டு நாள் தலைமுடியில் இருந்தது. வேண்டாம் என்றேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன் மேடம்" என்றார்.

குவைத்துக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். ஸ்பீக்கரில்தான் பேசினோம், அது என் தப்பு.

"அவர் தினம் இதே வேலையா இருக்கறவரு. அவர் சொல்றதக் கேளும்மா."

"வெடிச்சத நான் பார்த்திருக்கேங்க."

"எல்லாமேவா வெடிச்சிடும்? ஒரு தடவதான் வாங்கப் போறோம், நல்ல கார்டா வாங்கு."

"சின்ன கார்டு போதும். கரண்ட் பெட்டி நல்லதா இருக்கணும்."

"உன் இஷ்டம்" என்று போனை வைத்துவிட்டார்.

கடைக்காரர் பில் புத்தகத்தைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். காது சூடானது. இருந்தாலும் சின்ன கார்டையும் நல்ல எஸ்.எம்.பி.எஸ்ஸையும் எடுத்து வைக்கச் சொன்னேன். அவர்களே மாட்டிக் கொடுக்கத் திங்கள்கிழமை ஆகுமாம். இன்னொரு வெள்ளி வரை இந்த "உன் இஷ்ட"த்தோடு என்னால் இருக்க முடியாது. நானே மாட்டிக்கொள்கிறேன் என்றேன்.

"பாத்துங்க மேடம். மதர்போர்டுல ப்ராசசர் உக்கார்ற எடத்துல ஒரு பின் வளைஞ்சாலும் வாரண்டி கிடையாது."

ஆட்டோவில் காவிரிப் பாலம் தாண்டும்வரை மதர்போர்டு பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன்.

வீட்டில் பாயை விரித்து, ஒரு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து மாட்டினேன். ப்ராசசரை அதன் குழியில் வைத்துக் கம்பியை அழுத்தியபோது நெரிபடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கையை எடுத்துவிட்டேன். வீடியோவிலும் அந்தச் சத்தம் கேட்டது என்று சொல்லிக்கொண்டு மறுபடி அழுத்தினேன். மூன்று மணி நேரம் ஆனது. அவர் போன் செய்யவில்லை, நானும் செய்யவில்லை.

ஸ்விட்சைப் போட்டேன். காற்றாடிகள் சுற்றின, விளக்கு எரிந்தது. மானிட்டர் மட்டும் இருட்டு. 'சிக்னல் இல்லை' என்று ஒரு வரி வந்து அதுவும் மறைந்தது.

மெமரியைக் கழற்றி மாட்டினேன். கார்டைக் கழற்றி மாட்டினேன். அதே இருட்டு. பின்னை வளைத்துவிட்டேன், அந்தச் சத்தம் அதுதான் என்று தோன்றியது. அவர் சொன்னதையும் கேட்காமல், கடையிலும் கொடுக்காமல், எல்லாவற்றையும் நானே கெடுத்துவிட்டேன்.

வேறு வழியில்லாமல் வீடியோ காலில் கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

"என்னாச்சு?"

"படம் வரல." அழக்கூடாது என்று பார்த்தேன், முடியவில்லை.

"சரி சரி, பதட்டப்படாத. ஒவ்வொண்ணா சொல்லு. ஃபேன் சுத்துதா?"

"சுத்துது."

"ப்ராசசருக்குத் தனியா ஒரு ஒயர் வருமே, அது?"

"மாட்டிட்டேன். மெமரியும் சரியாத்தான் உக்காந்திருக்கு. ஒருவேளை இந்த ப்ராசசரே சரியில்லையோன்னு... இதுல படம் காட்டற வசதிதான் கிடையாதே, கார்டுதான் எல்லாத்தையும்..."

பாதியில் நிறுத்திவிட்டேன். பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். மானிட்டர் ஒயரைக் கார்டில் சொருகாமல், மேலே மதர்போர்டில் சொருகியிருந்தேன். பிடுங்கி மாற்றினேன். மானிட்டர் ஒருமுறை கண்சிமிட்டிவிட்டு வெளிச்சமானது.

போனில் பார்த்தால், அவர் கட்டிலில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. காலைலேர்ந்து போன் வரும்னு உக்காந்திருந்தேன். நானா பண்ண ஒரு மாதிரியா இருந்துச்சு."

"பெரிய கார்டு வாங்கலன்னு கோவமா?"

"எனக்கு எதுக்கு அது? சின்ன கார்டுல கேம் திக்கித் திக்கி ஓடுனா, நீ வெறுத்துப்போய் ஆடறதையே விட்டுடுவியோன்னு பயந்தேன்."

அந்த ஒரு மாதத்தில் அவர் இதைச் சொல்லவே இல்லை. நானும் கேட்டதில்லை. அவர் எதற்கோ வீம்பு பிடிக்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

விளையாட்டை இறக்கி முடிக்க ஐந்து மணி ஆகிவிட்டது. நடுத்தர செட்டிங்கில் தடங்கலில்லாமல் ஓடியது, தூரத்து மரங்கள் மட்டும் கொஞ்சம் மொழுக்கென்று தெரிந்தன. கரையில் இறங்கிப் பத்து நிமிடத்தில் அவரை ஓநாய் பிடித்துவிட்டது. "எங்க போய்த் தொலைஞ்ச நீ?" என்று ஹெட்செட்டில் கத்தினார். "மீன் புடிச்சிட்டிருந்தேங்க" என்றேன்.