ஹியூபர்ட்டின் பூட்ஸுக்குப் புது முகம்

இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்காரர்கள் ஆளின் முகத்தைப் பார்க்குமுன் காலைப் பார்ப்பார்கள். பாதி ஊருக்குப் பூட்ஸ்தான் பிழைப்பு. ஐடா லேப்ரமுக்கு அந்தப் பழக்கம் கொஞ்சம் முற்றியே இருந்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே தொழிற்சாலைத் தையல் கூடத்தில் வேலை; புருஷன் இறந்த பிறகும் அதே நாற்காலிதான்.

அவள் தைத்தது பூட்ஸின் முன்பக்கத் தோல். அதற்கு 'வேம்ப்' என்று பெயர். பிரெஞ்சுக்காரர்கள் எந்தக் காலத்திலோ 'முன்பாதம்' என்று சொன்னதை இங்கிலீஷ் நாக்கு தேய்த்துத் தேய்த்து இவ்வளவு சின்னதாக்கிவிட்டது. அந்தத் தோல் கிழிந்தால், அதைப் பிய்த்துப் புதுத்தோல் வைப்பதுதான் 'ரீவேம்ப்'. அடியும் குதிகாலும் பழசுதான், மூஞ்சி மட்டும் புதுசு.

பத்திரிகைக்காரர்கள் அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டு போய், எதைப் புதுப்பித்தாலும் நகரசபை ரீவேம்ப், ஓட்டல் ரீவேம்ப் என்று எழுதினால் ஐடாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். "நகரசபைக்குத் தோலை எந்தப் பக்கம்டி வச்சுத் தைப்பாங்க?" என்று பக்கத்து மிஷின் பெரிலைக் கேட்பாள்.

ஒரு மழைநாள் பஸ்ஸில் டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் ஹியூபர்ட் டெபட்டின் இடது பூட்ஸில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. கண்டக்டர் மனைவியை இழந்தவர், அதை ஊரறியும்.

"கழட்டுங்க," என்றாள் ஐடா.

"என்னது?"

"பூட்ஸைத்தாங்க. ரெண்டையும். நாளைக்குத் தரேன்."

"நான் டிக்கெட் குடுப்பேனா, பூட்ஸைக் கழட்டுவேனா?"

"விரல் வெளிய நின்னு பயணிங்களுக்கு வணக்கம் சொல்லுது. கழட்டுங்க."

பஸ்ஸே சிரித்தது. மனுஷர் கழற்றிக் கொடுத்துவிட்டு, மீதிப் பொழுதெல்லாம் டிரைவரின் ரப்பர் பூட்ஸில் தொளதொளவென்று நடந்தார்.

வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் புருஷன் விட்டுப்போன சுத்தியலும் ஊசியும் இருந்தன. கையில் இருந்ததோ பழுப்புத் தோல், பூட்ஸோ கறுப்பு. ஐடா யோசிக்கவில்லை, தைத்துவிட்டாள். காலையில் பார்த்தபோதுதான் அவளுக்கே பகீரென்றது.

ஹியூபர்ட் போட்டு நடந்து பார்த்தார். "காலு சிரிக்குதுங்க," என்றார். மேலதிகாரி கறுப்பு மை பூசச் சொன்னாராம், இவர் மறுத்துவிட்டார்.

கூடத்தில் பெரில் சும்மா இருப்பாளா?

"பூட்ஸு முடிஞ்சுது. ஆள எப்படி ரீவேம்ப் பண்ணப்போற?"

"போடி வாயாடி," என்றாள் ஐடா. அன்று தைத்த தையல் கோணிக்கொண்டு போயிற்று. பிரித்துத் தைத்தாள். அதுவும் கோணல். ஐம்பத்தி நாலு வயதில் இது என்ன கூத்து என்று அவளுக்கே வெட்கம்.

வசந்தத்தில் ஹியூபர்ட் அவளை டீ குடிக்கக் கூப்பிட்டார். சுவரெல்லாம் காரை உதிர்ந்து, திரைச்சீலை புகையேறி நின்றது வீடு. கேக் மட்டும் நன்றாக இருந்தது.

"அவ போனதிலேர்ந்து எதையும் தொடலீங்க," என்றார். அப்புறம் சுவரைக் காட்டி, "இந்த வீட்டையும் நீங்கதான் கொஞ்சம் ரீவேம்ப்..."

ஐடா சுவரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"அதை நீங்களே பண்ணுங்க. பண்ணி முடிச்சா, குடியிருக்க நான் வரேன்."

மறுநாளே வாளியும் தூரிகையுமாக ஏணியில் ஏறிவிட்டார் ஹியூபர்ட். டிப்போவில் மிஞ்சிய பெயின்ட் போலிருக்கிறது. சமையலறை முழுக்க பஸ் சிவப்பு. ஐடா வாய்விட்டுத் திட்டினாள். திட்டிக்கொண்டே திரைச்சீலைக்கு அளவெடுத்தாள்.