இராக்லியாவுக்கு ஐந்து டிக்கெட்

எவாந்தியா பதினெட்டு வருடமாக நிக்கேயாவில் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஈர விரிப்புகளைச் சூடான உருளைக்குள் அவள் கொடுப்பாள். மறுபக்கம் தெஸ்பினா வாங்கி மடிப்பாள். உருளை ஓடும்வரை உட்கார முடியாது. மூன்று மணிக்கு உருளை நிற்கும். வீட்டில் இன்னொன்று ஓடத் தொடங்கும்.

கணவன் நிகிஃபோரோஸ் பஸ் ஓட்டுகிறவன். கெட்டவன் இல்லை. சொன்னால் செய்வான். ஆனால் சொல்ல வேண்டும், எது எந்த அலமாரியில் இருக்கிறது என்று காட்ட வேண்டும், செய்து முடித்ததும் பாராட்ட வேண்டும். பல நாள் அவளே செய்துவிடுவாள். அதுதான் சுலபம்.

ஆகஸ்ட் மாதம் விடுமுறை என்று ஊரே சொல்லும். கல்யாணமான நாளிலிருந்து எவாந்தியாவின் ஆகஸ்ட், மலைமேல் இருக்கும் மாமியார் வீட்டில் போயிற்று. பதினோரு பேருக்குத் தக்காளியைக் குடைந்து அரிசி அடைத்து அடுப்பில் வைத்துவிட்டு நிமிர்ந்தால், முந்தின வேளைப் பாத்திரம் கிடக்கும். திரும்பி வந்ததும் தெஸ்பினா கேட்பாள், "என்ன, நல்லா ஓய்வெடுத்தியா?" எவாந்தியா சிரித்துக்கொண்டே விரிப்பை உருளைக்குள் தள்ளுவாள்.

இந்த வருடம் மாமியார் இடுப்பு எலும்புக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு பாத்ராஸில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். மலைவீடு பூட்டிக் கிடந்தது. தெஸ்பினாதான் சொன்னாள்.

"இராக்லியாவுக்குப் போ. சின்னத் தீவு. மருசா அம்மான்னு ஒருத்தங்க அறை விடுறாங்க. படியிறங்கினா கடல். கரையிலயே அல்மிரிக்கி மரம். நீ நிழல்ல படுத்துக்கிட்டே பிள்ளைங்களைப் பார்த்துக்கலாம். இடுப்பளவு தண்ணிதான், பயமே இல்ல."

படுத்துக்கொண்டே. அந்தச் சொல் எவாந்தியாவின் மனதில் ஒட்டிக்கொண்டது.

ஏப்ரலிலேயே ஒரு பழைய பள்ளி நோட்டை எடுத்துத் திட்டம் போட ஆரம்பித்தாள். கப்பல், புதன்கிழமை, காலை ஏழு மணி. மகள் ஃபொத்தினிக்குக் கப்பலில் குமட்டும், மாத்திரை. மகன் ஸ்தமாத்திஸுக்கு முள் இல்லாத மீன். அறையில் பெரிய பாத்திரம் இருக்காது, மாக்கரோனி வேக வைக்க ஒன்று கொண்டுபோக வேண்டும். சாப்பிட்ட பிறகு மூன்று மணி நேரம் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. அந்த மூன்று மணி நேரம் பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுப்பது என்று ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். கடைசிப் பக்கத்தில் தனக்காக ஒரு வரி எழுதினாள்: "மதியம், மரத்தடி, தூக்கம்." மறுநாள் வெட்கமாக இருந்தது. அடித்துவிட்டாள்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிகிஃபோரோஸின் தம்பி தியோதோரிஸ் குடும்பத்தோடு சாப்பிட வந்தான். ஓரகத்தி லூக்கியா தர்பூசணி விதையைத் துப்பிக்கொண்டே பேச்சைத் தொடங்கினாள்.

"அக்கா, எங்க ரெண்டு பேருக்கும் ஆகஸ்ட்ல லீவு இல்ல. எங்க ஸ்தமாத்திஸையும் உங்ககூட அனுப்பிடட்டுமா?"

எவாந்தியா தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள்.

"நீங்க எப்படியும் ரெண்டு பேரைப் பார்த்துக்கத்தானே போறீங்க? மூணாவதுக்குத் தனியா ஒரு கடலா தோண்டணும்?"

தியோதோரிஸ் சிரித்தான். நிகிஃபோரோஸும் சிரித்தான். "வரட்டுமே, பையனுக்குத் துணையாச்சு," என்றான், கண்ணை டி.வி. பந்தாட்டத்திலிருந்து எடுக்காமலே.

"சரி," என்றாள் எவாந்தியா. அவள் வாயில் சீக்கிரம் வருகிற சொல் அது ஒன்றுதான்.

அவர்கள் வழக்கப்படி தலைமகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர்தான். அண்ணன் மகனுக்கும் அதே பெயர், தம்பி மகனுக்கும் அதே பெயர். ஆக அந்தக் குடும்பத்தில் இரண்டு ஸ்தமாத்திஸ் வெர்கிஸ். இருவருக்கும் ஒன்பது வயது. நான்கு மாதம்தான் வித்தியாசம். வீட்டில் பெரியவன், சின்னவன் என்று கூப்பிடுவார்கள். கல்லறையில் இருக்கும் தாத்தாவையும் சேர்த்தால் மூன்று. யாருக்கும் இது விநோதமாகப் பட்டதில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் எவாந்தியா டிக்கெட் கடைக்குப் போனாள். ஏற்கெனவே வாங்கிய நான்கோடு ஐந்தாவதையும் வாங்கி, ஐந்து தாள்களையும் நோட்டுக்குள் வைத்து, நோட்டைக் கைப்பையில் வைத்தாள்.

ஆகஸ்டில், அந்தப் புதன்கிழமை காலை ஆறேகாலுக்குப் பிரேயாஸ் துறைமுகத்தில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. தியோதோரிஸ் சின்னவனைக் காரிலிருந்து இறக்கிவிட்டு, வேலைக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டான். சின்னவன் நீச்சல் கண்ணாடியை நெற்றிமேல் மாட்டிக்கொண்டு நின்றான். நாலு பை, ஒரு குடை, பாத்திரம், மூன்று பிள்ளைகள். எவாந்தியா எண்ணிக்கொண்டே வந்தாள்.

கப்பல் வாயிலில் ஒரு பெண் டிக்கெட்டுகளைக் கருவியில் காட்டினாள். நான்குக்குப் பச்சை வந்தது. ஐந்தாவதுக்குச் சிவப்பு வந்து கீச்சென்றது.

"இது ரத்தாயிருக்கும்மா."

"ரத்தா? நான்தான் வாங்கினேன். நான் ரத்து பண்ணலையே."

"ஜூலை நாலாம் தேதி ரத்து. ஸ்தமாத்திஸ் வெர்கிஸ், சிறுவர் டிக்கெட்."

எவாந்தியா கணவனைப் பார்த்தாள். அவன் முகம் மெல்ல மாறியது.

"அதுவா..." என்றான். "கடையிலேர்ந்து போன் பண்ணாங்க. ஒரே பேர்ல ரெண்டு சிறுவர் டிக்கெட் இருக்கு, தப்பா ரெண்டு தடவை வாங்கிட்டீங்களான்னு கேட்டாங்க. எங்களுக்கு ஒரு பையன்தானே, ஒண்ணை எடுத்துடுங்கன்னேன்."

"சின்னவன்?"

"அவன் டிக்கெட்டை அவங்கப்பன் வாங்கியிருப்பான்னு நினைச்சேன். நீ ஏதோ மறந்து ரெண்டு வாங்கிட்டே, நான் சரி பண்ணிட்டேன்னு..." அவன் நிறுத்தினான். "உனக்கு ஒரு வேலை மிச்சமாச்சேன்னுதான்."

இத்தனை மாதத்தில் அவன் செய்த ஒரே வேலை அது. அவளிடம் சொல்லக்கூட இல்லை. அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது களைப்புதான். தோளில் இருந்த பையைக் கீழே வைத்தாள்.

துறையின் ஓரத்தில் இருந்த டிக்கெட் கவுண்டருக்கு ஓடினார்கள். உள்ளே இருந்த மனிதர் திரையைப் பார்த்துத் தலையாட்டினார். "ஆகஸ்ட்டும்மா. ஒரு இடம்கூட இல்ல. உங்க அஞ்சு பேர்ல யாராவது ஒருத்தர் நின்னா, அந்த டிக்கெட்டைப் பையன் பேருக்கு மாத்தித் தர்றேன். சீக்கிரம் சொல்லுங்க, வாயில் மூடப்போறாங்க."

"தியோதோரிஸுக்குப் போன் போடுவோம்," என்றான் நிகிஃபோரோஸ். "வந்து கூட்டிட்டுப் போகட்டும். நாம நாலு பேரும் போவோம்."

சின்னவன் நெற்றியிலிருந்த நீச்சல் கண்ணாடியை இறக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டான். நீலக் கண்ணாடி. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே தெரியவில்லை. தாடை மட்டும் நடுங்கியது. பெரியவன் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இவன் வரலேன்னா நானும் வரல," என்றான்.

எவாந்தியா கவுண்டருக்குள் தன் டிக்கெட்டை நீட்டினாள். "இதை மாத்துங்க."

"என்னது!" என்றான் நிகிஃபோரோஸ். "நீ இல்லாம நான் எப்படி? மூணு பேரையும்? எவா, விளையாடாதே. நான் நிக்கிறேன், நீ போ."

அவன் மனதாரத்தான் சொன்னான். அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். மூன்று பிள்ளைகள், நாலு பை, எட்டு மணி நேரக் கப்பல், குமட்டல், சாப்பாடு, மூன்று மணி நேரக் காவல். மரத்தடியில் படுத்தாலும் ஒரு கண் தண்ணீரில்தான் இருக்கும். தெஸ்பினா சொல்லும்போது இதைச் சொல்லவில்லை. அவளும் ஏனோ நினைக்கவில்லை.

"நீ போ," என்றாள். "மாத்திரை நீலப் பையில, பக்கத்து ஜிப்புல. இப்பவே குடு."

"வேற?"

"வேற எல்லாம் தெரியும் உனக்கு. நீ அவங்கப்பன்."

ஃபொத்தினி அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். பின்பு அண்ணன்கள் படியேறுவதைப் பார்த்ததும் காலை விட்டுவிட்டு ஓடினாள். நிகிஃபோரோஸ் தோளில் குடையும் கையில் பாத்திரமுமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஏறினான். சங்கிலி இழுபடும் சத்தத்தோடு வாயில் மூடியது.

கப்பல் நகர்ந்த பிறகும் அவள் கவுண்டர் முன்னால்தான் நின்றாள். அடுத்த டிக்கெட் வாங்க வேண்டும். கவுண்டர்காரர் அவள் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். விடாமல் திரையைத் தட்டினார்.

"அடேடே, அதிர்ஷ்டம்தான். நாளைக்கு ஒரு இடம் இப்பதான் காலியாச்சு. யாரோ ரத்து பண்ணியிருக்காங்க. போடவா?"

எவாந்தியா வாயைத் திறந்தாள். "சரி" வரவில்லை.

"அதுக்கப்புறம் எப்போ இருக்கு?" என்றாள்.

"அதுக்கப்புறமா? சனிக்கிழமை."

"சனிக்கிழமை குடுங்க."

அவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "பிள்ளைங்க தேட மாட்டாங்களா?"

அவள் பணத்தை எண்ணி நீட்டினாள். காது சூடானது. அவர் தோளைக் குலுக்கிவிட்டு டிக்கெட்டை அடித்துக் கொடுத்தார். நோட்டுக்குள் வைக்கக் கைப்பையைத் திறந்தாள். அப்போதுதான் நோட்டு தன்னிடமே இருப்பது தெரிந்தது. எல்லாப் பக்கங்களும், மருசா அம்மாவின் போன் எண் உட்பட.

ஒன்பதரைக்கு வீடு வந்தாள். செருப்பைக் கழற்றாமலே மருசா அம்மாவுக்குப் போன் செய்தாள்; கணவனும் மூன்று பிள்ளைகளும் வருகிறார்கள், துறைக்கு ஆள் அனுப்புங்கள் என்றாள். "நீ வரலையா பெண்ணே?" என்றாள் அந்த அம்மா. "அப்ப உன் புருஷனுக்கும் சேர்த்து நாலு பிள்ளைன்னு சொல்லு." எவாந்தியாவுக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவுதான் அவளால் முடிந்தது. சன்னல் கதவுகளைச் சாத்திவிட்டுப் படுத்தாள்.

கண் விழித்தபோது மணி நாலு. போன் அடித்துக்கொண்டிருந்தது.

"வந்து சேர்ந்துட்டோம்," என்றான் நிகிஃபோரோஸ். குரல் கம்மியிருந்தது. "ஃபொத்தினி என் மேலயே வாந்தி எடுத்துட்டா. பெரியவன் ஒரு செருப்பைக் கடல்ல விட்டுட்டான். இப்பத்தான் சாப்பிட்டாங்க, உடனே தண்ணிக்குப் போகணும்னு உயிரை வாங்குறாங்க. எத்தனை மணி நேரம்?"

"மூணு."

"மூணா! அதுவரைக்கும் நான் இவங்களை என்ன பண்றது?"

நோட்டு கட்டிலருகே கிடந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்து படித்துக் காட்டியிருக்கலாம். "ஏதாவது கதை சொல்லு," என்றாள்.

போனில் அவனுக்குப் பின்னால் மூன்று குரல்கள் கத்தின. அதில் எது சின்னவன் குரல் என்று அவளுக்குத் தெரிந்தது; எல்லோரையும்விட அவன்தான் சத்தமாகச் சிரித்தான்.

"எவா, நீ எப்போ வர்றே?"

"சனிக்கிழமை."

"அதுக்கு முன்னாடி இடமே இல்லையா? நல்லாக் கேட்டியா?"

அவனிடம் இதுவரை அவள் பெரிய பொய் எதுவும் சொன்னதில்லை.

"கேட்டேன்," என்றாள். "இல்லை."

போனைத் தலையணைக்கடியில் வைத்தாள். கொஞ்ச நேரம் உறுத்தியது, போனா மனதா என்று தெரியவில்லை. பின்பு கட்டிலில் அவன் படுக்கும் பக்கத்துக்கு நகர்ந்தாள். அங்கே விரிப்பு இன்னும் சூடேறாமல் இருந்தது.