செட்டிங்ஸ் சன்னலுக்குப் புரூஃப் பார்த்தவன்

புரூஃப் பார்ப்பவன் வேலையை ஒழுங்காகச் செய்தால் அப்படி ஒரு வேலை நடந்ததே யாருக்கும் தெரியாது. கோட்டை விட்டால் மட்டும் மறுநாள் காலை டீக்கடையில் ஊரே சத்தமாக வாசித்துக் காட்டும். பிறர் எழுத்தைத் துடைத்தே சாப்பிடுகிற என் இனத்தவர் இதைப் படித்தால், உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. ஆறுதலுக்குக் கொஞ்ச நேரம் சேர்ந்து உட்கார்ந்துகொள்ளலாம்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் நாளிதழ் வேலையை விட்டு வெளியே வந்தபோது என்னைக் கூப்பிட்டுக்கொண்டவர் பாலு. காந்திபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் கம்ப்யூட்டர் கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றால் அவர், கவிதா என்ற கோபிசெட்டிபாளையத்துப் பொறியியல் பட்டதாரி, இரண்டு மிஷின்கள். கம்ப்யூட்டரில் இருக்கிற கோப்புகளை வரிசையாகக் காட்டி, திறக்கவும் நகல் எடுக்கவும் அழிக்கவும் உதவுகிற ஒரு புரோகிராமை முழுக்கத் தமிழில் செய்துகொண்டிருந்தார்கள். அதில் எழுத்து அதிகம் இருந்தது செட்டிங்ஸ் சன்னலில்தான். அது பார்க்கச் சகிக்கவில்லை. அதை அச்சுக்குப் போகும் பக்கம்போல் சீராக்கித் தர வேண்டும். அதுதான் என் வேலை.

பாலுவுக்கு இது விளையாட்டு இல்லை. பீளமேட்டுப் பக்கம் ஒரு நூற்பாலை, பிடித்திருந்தால் தன் அலுவலகக் கம்ப்யூட்டர்கள் அத்தனையிலும் போட்டுக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. பிடிக்காவிட்டால் கடையைச் சாத்திவிட்டுக் கணபதியில் மாமனாரின் பம்ப் கம்பெனிக்குப் போவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தார். அங்கே அவருக்காக ஒரு நாற்காலியும், கண்ணாடி போட்ட மேசையும் ஏற்கெனவே தயார்.

மூன்று புள்ளி

முதல் நாள் சன்னலைத் திறந்ததுமே எனக்குக் கண் உறுத்தியது மூன்று புள்ளிகள். 'எழுத்துருவை மாற்று...', 'இடத்தைத் தேர்ந்தெடு...' என்று வரிக்கு வரி வால் தொங்கியது. நாளிதழில் மூன்று புள்ளி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். செய்தியில் சரக்கு இல்லாதபோது தலைப்பில் வைப்பது. 'கிணற்றுக்குள் கேட்ட சத்தம்...' என்று போட்டுவிட்டு உள்ளே போனால் பூனை விழுந்திருக்கும். இந்த மலினமான பழக்கம் கம்ப்யூட்டருக்குள்ளும் வந்துவிட்டதே என்று வருந்தி, சன்னலை அச்செடுத்த தாளில் அத்தனை புள்ளிகளையும் சிவப்பு மையால் அடித்துக் கொடுத்தேன்.

கவிதா தாளை வாங்கிப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபிக்காரர்கள் கோபப்படும்போதும் ஒரு 'ங்க' கூடுமே தவிர குறையாது. "அது சும்மா வெச்சதில்லீங்க சார். புள்ளி இருந்தா, அமுக்குனதும் இன்னொரு சன்னல் திறந்து ஏதோ கேக்கும்னு அர்த்தமுங்க. அதை எடுத்துப்போட்டா, சொல்லாம கொள்ளாம ஒருத்தர் ஊட்டுக்குள்ள வந்து நிக்கிற மாதிரி ஆயிருமுங்க."

வளைந்த கொக்கி

புள்ளியில் தோற்றவன் மேற்கோள் குறியில் ஜெயிக்கப் பார்த்தேன். சன்னல் முழுக்க மேற்கோள் குறிகள் குச்சி குச்சியாக நின்றன. அச்சில் அவை திறக்கும்போது ஒரு பக்கமும் மூடும்போது மறுபக்கமும் வளைந்திருக்க வேண்டும். "வளைச்சுக் குடும்மா" என்றேன். கவிதா ஒரு நிமிடம் யோசித்தார். "வளைக்கிறது பெரிசில்லீங்க. வேற ஏதாவது வளையாம இருக்கோணும்" என்று சொல்லிவிட்டுச் செய்து வைத்தார்.

மறுநாள் வந்து பார்த்தால் மேற்கோள் குறி இருந்த இடங்களிலெல்லாம் 'ஙூ' என்றும் 'ஞூ' என்றும் உட்கார்ந்திருந்தன. அந்தக் காலத் தமிழ் எழுத்துருக்களில் இடம் குறைவு. ஆங்கிலத்தில் வளைந்த கொக்கிகளுக்கு ஒதுக்கிய இடங்களை, எழுத்துருவைச் செய்தவர், யாரும் பயன்படுத்தப்போவதில்லை என்ற நம்பிக்கையில் இந்த எழுத்துகளுக்குக் கொடுத்திருந்தார். வாழ்நாள் முழுக்கப் புரூஃப் பார்த்தும் ஒருமுறைகூட நான் சந்தித்திராத 'ஙூ'வை அன்று ஒரே சன்னலில் கூட்டமாகப் பார்த்தேன். பாலு என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குச்சியாவே இருந்துட்டுப் போகட்டுங் சார். நேரா நிக்கிறது ஒண்ணும் குத்தமில்லீங்களே."

மாமனார் பார்த்த கோடு

பாலுவின் மாமனார் காரமடைக்காரர். காந்திபுரத்துக்கு வங்கி வேலையாக வரும்போதெல்லாம் மாடியேறி வந்து, மாப்பிள்ளையின் தொழில் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். அவர் வந்த ஒரு நாளில் நான் ஒரு கோட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். 'எழுத்தின் அளவு: 8-72' என்ற வரியில் எட்டுக்கும் எழுபத்திரண்டுக்கும் நடுவே இருந்தது சின்னஞ்சிறு கோடு. கழித்தல் கணக்குபோலத் தெரிந்தது. நீளக் கோடு வேண்டுமென்றேன். எழுத்துருவில் நீளக் கோடு இல்லை. கவிதா இரண்டு சின்னக் கோடுகளைச் சேர்த்து வைத்தார். நடுவில் நூல் அறுந்தாற்போல் ஒரு சந்து தெரிந்தது. சந்தை மூடினால் கோடு எண்ணில் இடித்தது. நகர்த்தினால் அடுத்த வரி கலைந்தது.

நான் திரைக்கு மூக்கருகே உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தேன். கோடு ஒருவழியாகப் பொருந்தியபோது பெரியவர் வங்கி வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வந்திருந்தார். என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மருமகனைத் தனியே அழைத்துப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, எனக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னார்: "ஏனுங் மாப்ளே, நானு பேங்குக்குப் போயி டீயும் குடிச்சுப்போட்டு வந்துட்டேன். இவரு இன்னும் அதே கோட்டைத்தான் பாத்துட்டு இருக்காரு. கண்ண எடுத்தா ஓடிப்போயிருமுங்களா அது?"

மிஷினுக்கு மரியாதை

ஆலையின் சார்பில் புரோகிராமைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் ராஜேஸ்வரி. அலுவலக மேலாளர், பி.காம்., அந்தியூர்ப் பக்கத்துக்காரர். ஆங்கிலம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவருக்குக் கீழே இருந்தவர்கள் ஆங்கிலச் செய்தி ஒன்று திரையில் வந்தால் கையை எடுத்துவிட்டு அவரைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர் தன் வேலையைப் பார்க்க முடியவில்லை. தமிழில் வேண்டும் என்று ஆலையில் கேட்டவரே அவர்தான். அவர் தலையசைத்தால் பாலு பிழைத்தார்.

மாடிக்கு வந்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து செட்டிங்ஸ் சன்னலை மேலிருந்து கீழ்வரை படித்தார். 'திற', 'மூடு', 'காட்டு', 'கேட்காமல் அழிக்காதே'. முகம் இறுகிவிட்டது. "எங்க மில்லுல லோடு ஏத்த வாரவங்களைக்கூட மொதலாளி வாங்க போங்கன்னுதானுங்க பேசுவாரு. இதென்னங்க, எடுத்தெறிஞ்சு பேசுது?" என்றார். கவிதா பணிவாக விளக்கினார்: "மேடம், இது மிஷின் உங்களுக்குச் சொல்றதில்லீங்க. நீங்க மிஷினுக்குச் சொல்ற உத்தரவுங்க." ராஜேஸ்வரி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே எழுந்தார். "மிஷினுக்குச் சொன்னாலும் நானு மரியாதையாத்தானுங்க சொல்லுவேன்."

மரியாதைக்கு ஆகும் இடம்

மரியாதை நல்லதுதான், ஆனால் அது இடத்தை அடைக்கும். 'திற' என்ற இரண்டெழுத்து 'திறக்கவும்' ஆனபோது பொத்தான் அகலமானது. ஒரு பொத்தான் அகலமானால் பக்கத்துப் பொத்தான் நகர வேண்டும். ஒரு வாரமாக நானும் கவிதாவும் கல்யாணப் பந்தியில் இலை போடுகிறவர்களைப்போல் இதைத் தள்ளி அதை நெருக்கிக்கொண்டிருந்தோம். எல்லாவற்றிலும் நீண்டது 'கேட்காமல் அழிக்காதே'. அது 'என்னைக் கேட்காமல் எந்தக் கோப்பையும் அழிக்க வேண்டாம்' என்று வளர்ந்து, தனக்கு விட்ட கட்டத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"வேற திரையில போட்டா கடைசி வார்த்தை அடுத்த வரிக்குப் போயிருமுங்க சார், சுருக்கிரலாமுங்களா?" என்று கவிதா கேட்டார். போனால் என்ன என்றுதான் எனக்குத் தோன்றியது. பத்திரிகையில் ஒரு வரி நிறைந்தால் மிச்சம் அடுத்த வரிக்குப் போகும். அடுத்த வரி அங்கே இருக்குமா என்று எந்தப் புரூஃப் ரீடரும் கவலைப்பட்டதில்லை. காகிதம் எப்போதும் கீழே இருக்கும். பாலு என்னைவிட ஒரு படி மேலே போனார். ராஜேஸ்வரியின் முகம் அவருக்கு மறக்கவில்லை. "அடுத்த வரிக்குப் போனாப் போகட்டுங் கவிதா. மரியாதையில மட்டும் கை வெச்சுராதீங்க."

டிக் எடுத்த அம்மணி

ஆலையில் போட்டுக்காட்டும் நாள் வந்தது. பாலு இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். ராஜேஸ்வரி தன் மிஷினிலேயே புரோகிராமை ஏற்றச் சொன்னார். அங்கே ஒரு பழக்கம்: கண்ணாடி போட்டவர்களுக்கும் வசதியாக இருக்கட்டும் என்று எல்லாத் திரையிலும் எழுத்தைப் பெரிதாக வைத்திருந்தார்கள். எழுத்து பெரிதானது, நாங்கள் விட்ட கட்டம் பெரிதாகவில்லை. அதை அப்போது எங்களில் யாரும் கவனிக்கவில்லை. மரியாதை வந்திருப்பதைப் பார்த்து ராஜேஸ்வரி முதல்முறையாகச் சிரித்ததில் நாங்கள் மயங்கியிருந்தோம்.

அவர் செட்டிங்ஸை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்றார். 'இதெதுக்கு' என்பதுபோல் உதட்டைப் பிதுக்கி, அந்த வரிக்கு ஏற்கெனவே போட்டிருந்த டிக்கை எடுத்தார். பிறகு பஞ்சுப் பொதிகளின் எடை விவரம் இருந்த கோப்புகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, அழிக்கும் பொத்தானை அமுக்கினார். கேட்கிறதா என்று பார்க்கத்தான் அமுக்கினார். அது கேட்கவில்லை. மொத்தமும் போய்விட்டது.

கவிதா எட்டி மவுஸைப் பிடித்து எழுத்தைச் சிறிதாக்கினார். டிக் எடுத்த இடத்தின் பக்கத்தில் அதுவரை தெரிந்தது 'என்னைக் கேட்காமல் எந்தக் கோப்பையும் அழிக்க' என்பது மட்டும். எழுத்து சிறிதானதும் அடுத்த வரிக்குப் போய்க் கட்டத்துக்கு வெளியே மறைந்திருந்த கடைசி வார்த்தை வரியின் கோடிக்கு வந்து நின்றது: 'வேண்டாம்'. நானும் கவிதாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பாலு யாரையும் பார்க்கவில்லை. கணபதியில் கண்ணாடி போட்ட மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். ராஜேஸ்வரிக்கு இன்னும் விளங்கவில்லை. "கேக்காம அழிக்கிறது நமக்கு ஆகாதுன்னுதானுங்களே டிக்கை எடுத்தேன்? அப்புறமும் ஏனுங்க அழிச்சுப்போட்டுது?"

புது மாடு

கவிதா விளக்கிச் சொன்னார். பாலு எழுந்து நின்று, அழிந்த விவரங்களைத் தன் செலவில் ஆள் வைத்துத் திரும்ப ஏற்றித் தருவதாகச் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் ராஜேஸ்வரி கையைக் காட்டி உட்காரச் சொன்னார். "போனது நகலுங்க. அசல் வேற மிஷின்ல இருக்குது. அந்தியூர்ச் சந்தையில மாடு வாங்கியாந்தா, எங்கூட்டுல அன்னிக்கே பழைய மாட்டோட கட்டமாட்டாங்க. தனியாக் கட்டி, முட்டுதா ஒதைக்குதான்னு பாத்துப்போட்டுத்தான் பட்டியில உடுவாங்க." பாலு உட்கார்ந்தார். மாடு உதைத்துவிட்டது என்பது அவருக்குத் தெரிந்தது. திருப்பி அனுப்புவார்களா என்பதுதான் தெரியவில்லை.

அதை அவர் கேட்டேவிட்டார். "அப்ப வேண்டாமுங்களா?" ராஜேஸ்வரி என் பக்கம் திரும்பி, "மரியாதை வேணும்னு நாந்தானுங்க கேட்டேன். அதைக் கொண்டுபோயிக் கண்ணுக்குத் தெரியாத எடத்துல வெக்கச் சொல்லலீங்களே" என்றார். நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம் விட்டார். எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டே, அங்கேயே, சாயங்காலம் வரை இருவரும் வரி வரியாகக் குறுக்கினோம். கேட்காமல், எந்த, வேண்டாம் எல்லாம் போயின. மிஞ்சியது: 'அழிக்கும் முன் கேட்கவும்'. ஒரே வரி. எங்கே வெட்டினாலும் யாருக்கும் கெடுதல் இல்லை. கவிதா அதை ஏற்றித் தந்ததும் ராஜேஸ்வரி டிக் போட்டார், இன்னொரு நகலைத் தேர்ந்தெடுத்தார், அமுக்கினார். 'அழிக்கட்டுமா?' என்று கேட்டுவிட்டு மிஷின் காத்திருந்தது. அவரும் அதைக் கொஞ்சம் காக்க வைத்தார். "கேக்குதுங்க. கேட்டுப்போட்டுப் பேசாம நிக்கவும் செய்யுதுங்க. திங்கக்கிழமை வந்து எல்லா மிஷின்லயும் போட்டுக் குடுத்துருங்க பாலு."

காலியான நாற்காலி

அடுத்த வங்கி நாளில் காரமடைப் பெரியவர் மாடியேறி வந்தபோது கடை கலகலப்பாக இருந்தது. ஆலைக்காரர்கள் சொல்லி இன்னொரு ஆலையிலிருந்து இருவர் வந்து சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம்போல் மூலையில் ஒரு வரியின் இடைவெளியை அளந்துகொண்டிருந்தேன். பெரியவர் வந்தவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்று முழுக்கப் பார்த்தார். போகும்போது பாலுவிடம், இந்த முறை ரகசியக் குரலெல்லாம் இல்லாமல், சொன்னார்: "மாப்ளே, அந்த நாற்காலிய எங்க ஸ்டோர்காரருக்குக் குடுத்துப்போட்டேனுங்க. நீங்க ரெண்டு பேரும் இங்கியே இருந்து கோடு பாருங்க."

இப்போதும் ஏதாவது ஒரு திரையில் ஒரு வாக்கியம் ஒரே வரியில் அடக்கமாக உட்கார்ந்திருப்பதைக் கண்டால், எங்கோ ஒரு மருமகன் மாமனாரின் கம்பெனிக்குப் போகாமல் தப்பித்திருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.