பதினாலாவது செட்

என் பல்லைப் பற்றி ஒரு டாக்டரிடம் முதன்முதலாக வாய்திறந்து பேசியபோது எனக்கு வயது நாற்பத்திரண்டு. தென்காசியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். மேல்வரிசையில் நான்கு பற்கள் உதட்டை முட்டிக்கொண்டு நிற்கும். கீழே ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். படிக்கிற காலத்தில் எனக்குத் தேங்காத்துருவி என்று பட்டப்பெயர். வைத்தவன் இன்றைக்கு சுரண்டையில் உரக்கடை வைத்திருக்கிறான். பார்த்தால் மரியாதையாக ‘டீச்சர்’ என்கிறான். நான் இன்னும் அவனை மன்னிக்கவில்லை.

என் தம்பிக்கும் இதே பல்தான். அவன் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது அப்பா மாதாமாதம் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய்க் கம்பி போட்டு நேராக்கினார். எனக்கும் போடச் சொல்லிக் கேட்டேன். பொம்பளப் பிள்ளை வாயில் கம்பியோடு திரிந்தால் யார் பெண் கேட்டு வருவார்கள் என்றாள் அம்மா. இந்தப் பல்லோடு திரிந்தால் மட்டும் வருவார்களா என்று திருப்பிக் கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை. சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். என் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட என் பல் கிடையாது.

ஈறில் ரத்தம் வருகிறது என்றுதான் அந்த டாக்டரிடம் போனேன். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். பல் இடுக்கில் பிரஷ் போகாததால்தான் ஈறு கெடுகிறது என்று கண்ணாடியில் காட்டினார். பிறகு சாதாரணமாக, “நேராக்கிடலாமே டீச்சர், கம்பி வேண்டாம், கழத்தி மாட்டுத மாதிரி கண்ணாடி செட் இருக்கு” என்றார். இந்த வயதிலா என்று கேட்டேன். எலும்பு நன்றாக இருந்தால் வயதுக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் மெதுவாக நகரும், அவ்வளவுதான் என்றார். வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இவ்வளவு லேசாகச் சொல்லக்கூடிய விஷயத்தை இத்தனை வருஷம் என்னிடம் யாருமே சொல்லவில்லை.

முதலில் ஈறுக்கு வைத்தியம் பார்த்தார். அப்புறம் வாயை ஸ்கேன் எடுத்தார்கள். என் பல்லின் அச்சில் மெல்லிய பிளாஸ்டிக் உறைகள் வந்தன, மேலுக்கொன்று கீழுக்கொன்றாக இருபத்தாறு செட். பத்து நாளைக்கு ஒரு செட் மாற்ற வேண்டும். ஒவ்வொன்றும் பல்லை ஒரு நூலிழை தள்ளும். சாப்பிடவும் பல் துலக்கவும் மட்டும் கழற்றலாம், மற்ற நேரமெல்லாம் வாயிலேயே கிடக்க வேண்டும். உறை பிடித்து நிற்பதற்காகப் பல்லின் மேல் பல் நிறத்திலேயே சின்னச் சின்னப் பொட்டுகளை ஒட்டிவிட்டார்.

முதல் வாரம் இட்லியைக்கூடக் கடிக்க முடியவில்லை. உறையின் ஓரம் நாக்கை அறுத்தது. வகுப்பில் சமன்பாடு என்று சொல்லப் போனால் ஷமன்பாடு என்று வந்தது. பிள்ளைகள் இரண்டு நாள் சிரித்துவிட்டு மறந்துபோனார்கள். பெரியவர்கள்தான் மறக்கவில்லை. நாளைக்கு மகனுக்குப் பெண் பார்க்கப்போகிற வயதில் டீச்சருக்கு என்ன வந்தது என்று ஸ்டாஃப் ரூமில் என் காதுபடவே பேசினார்கள். டீ குடிக்க வேண்டுமானால் உறையைக் கழற்ற வேண்டும், பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். அத்தனை கண்களுக்கு முன்னால் அதைச் செய்ய மனதில்லாமல் டீயையே விட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் போலீஸில் ஏட்டு. வேண்டாம் என்று அவர் தடுக்கவில்லை. “ஒன் இஷ்டம்” என்றார். அந்த இரண்டு வார்த்தையில் எவ்வளவு இளப்பம் இருக்க முடியும் என்பது கேட்டவர்களுக்குத்தான் தெரியும். அதன்பிறகு எல்லாமே வேடிக்கைதான். உறை வைக்கிற நீல டப்பாவுக்கு நகைப்பெட்டி என்று பேர் வைத்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் அதை எடுத்துக் காட்டுவார்.

நான் பதினாலாவது செட்டில் இருந்தபோது சீசன் ஆரம்பித்தது. ஆனி மாதம், நல்ல சாரல். வடகரையில் இருக்கும் வீட்டுக்காரரின் அக்காவான என் நாத்தனார் தன் குடும்பத்தோடு வந்திருந்தார். ஒரு சனிக்கிழமை எல்லோருமாக ஐந்தருவிக்குப் போனோம். குளித்துவிட்டு, ஈரப் புடவையோடு ஒரு சுவர் ஓரமாக உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தோம். நான் திரும்பி உட்கார்ந்து உறைகளைக் கழற்றி டப்பாவில் போட்டு, சுவர்மேல் என் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன்.

அங்கே குரங்குகள் எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். சோற்றைத்தான் எல்லோரும் காவல் காத்தோம். பின்னாலிருந்து வந்த ஒரு தாட்டியான குரங்கு சோற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. தின்பண்டம் என்று நினைத்திருக்கும். மேலே உட்கார்ந்து டப்பாவைக் கடித்தது, மூடி திறந்துகொண்டது. ஒரு உறை கீழே ஓடையில் விழுந்து தண்ணீரோடு போனது. இன்னொன்றை எடுத்து முகர்ந்தது, கடித்தது, தன் வாய்க்குள் போட்டு மென்றது. நான் எழுந்து ஓடினேன். கல்லில் வழுக்கி முட்டி தேய்ந்தது. அண்ணாந்து கையை நீட்டிக்கொண்டு நின்ற என்னைச் சுற்றி வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது.

என் வீட்டுக்காரர் சத்தமாகச் சொன்னார். “வுடுட்டி, அதுக்காவது பல்லு நேராகட்டும்.”

எங்கள் ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். முன்பின் தெரியாதவர்களும் சிரித்தார்கள். நாத்தனாரின் வீட்டுக்காரர் போனை எடுத்துப் படம்பிடித்தார். இதுவரைக்கும்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. நான் வந்து உட்கார்ந்ததும் நாத்தனார் என் இலையில் அப்பளத்தை வைத்தபடி, “நானே கேக்கணும்னு இருந்தேன். இந்த வயசுல யாருக்குக் காட்டதுக்கு இந்தப் பல்லு?” என்றார்.

அப்பளத்தை இலை ஓரத்துக்குத் தள்ளினேன். குரல் நடுங்கவில்லை. அது எனக்கே ஆச்சரியம்.

“என்னையப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு வாயத் தொறக்கச் சொன்னது நீங்கதான மைனி. வெளிச்சத்துல பாக்கணும்னு சன்னல் பக்கமாத் திருப்புனிய. மாட்டுக்குப் பல்லுப் பாக்குத மாதிரி பாத்துட்டு, வெளிய போயி நகையக் கூட்டிக் கேட்டிய. அன்னைக்கு எல்லாருக்கும் வேண்டியிருந்த பல்லு இன்னைக்கு யாருக்குன்னு கேக்கியளோ?”

அது நடந்த சம்பவம்தான். பத்தொன்பது வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் பேசாத சம்பவம். என் வீட்டுக்காரருக்கு அது அதுவரை தெரியாது என்று அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அவரிடமும் சொல்லிவிட்டேன். “நீங்க சிரிச்சது அந்தக் கொரங்கப் பாத்து இல்ல. எனக்குத் தெரியும்.”

சாப்பிடாமல் எழுந்து ஈரத்தோடேயே நடந்தேன். யாரோ கூப்பிட்டார்கள். ஒரு ஆட்டோ பிடித்து நேராகத் தென்காசிக்கு வந்து, அந்த டாக்டரின் மாடிப்படியில் ஏறினேன். நாற்காலியில் தண்ணீர் சொட்டியது. குரங்கு என்று சொன்னதும் அவரும் சிரிப்பார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சிரித்திருந்தால் அன்றைக்கு அவரையும் திட்டியிருப்பேன். அவர் துண்டு ஒன்றைக் கொடுத்தார், முட்டிக்கு மருந்து போட்டார், பதினாலாவது செட் எத்தனை நாளாக வாயில் இருந்தது என்று மட்டும் கேட்டார். எட்டு நாள் என்றேன். அப்படியானால் பின்னால் போக வேண்டாம், பதினைந்தையே மாட்டிவிடலாம், வழக்கத்தைவிட வலிக்கும் என்றார். வலிக்கட்டும் என்றேன். மாட்டும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. அது வலிக்கு என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் தனியாக வந்தார். எல்லார் முன்னாலும் அக்காவை அப்படிப் பேசலாமா என்றுதான் ஆரம்பித்தார். எல்லார் முன்னாலும் என்னை அப்படிச் சொல்லலாமா என்று கேட்டேன். வேடிக்கையாகச் சொன்னது என்றார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொன்னதில்லை. ஆனால் நகைப்பெட்டி என்ற பேச்சு அதோடு நின்றது. அடுத்த மாதம் வேறு டப்பா ஒன்றை வாங்கிவந்து வாஷ்பேசின் மேல் வைத்தார். அதற்காக என் கோபம் குறைந்ததா என்றால் இல்லை. டப்பாவை எடுத்துக்கொண்டேன்.

நாத்தனார் நாலு மாதம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. கார்த்திகையில் ஒருநாள் போன் செய்தார். மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், அவளுக்கு ஒரு சிங்கப்பல் எட்டிப் பார்க்கிறது, உன் டாக்டர் நம்பரைக் கொடு, கல்யாணத்துக்குள் முடிந்துவிடுமா என்று கேட்டார். ஐந்தருவியில் நடந்தது எதுவுமே நடக்காத மாதிரி அவ்வளவு இயல்பாகக் கேட்டார். எனக்குத் தலைக்குள் சூடு ஏறியது. அவளிடம் போனைக் கொடுங்கள் என்றேன்.

அந்தப் பெண் கோயிலுக்குப் போயிருந்ததால் சாயங்காலமாகத்தான் பேசினாள். இருபத்துமூன்று வயது, செங்கோட்டையில் ஒரு பேங்கில் வேலை பார்க்கிறாள்.

“அத்தே, எனக்கு இந்தப் பல்லு பிடிச்சிருக்கு. நான் பாட்டுக்கு இருக்கேன். அம்மாதான் தெனமும் உசுர வாங்குதா.”

நான் என்ன எதிர்பார்த்தேன் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அவள் அழுவாள், நான் அவளை டாக்டரிடம் கூட்டிப்போவேன் என்று நினைத்திருந்தேன். அந்தப் பல் அவள் சிரிக்கும்போது எத்தனையோ முறை நான் பார்த்த பல்தான். அவள் ஒருநாளும் அதை மறைத்ததில்லை. அவளுக்கு நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. “அப்ப விட்டுரு” என்றேன்.

பிறகு நாத்தனாரைக் கூப்பிட்டு நம்பர் தரமாட்டேன் என்றேன். நீ மட்டும் செய்துகொள்ளலாம், என் பிள்ளைக்குக் கூடாதா என்று அவர் கத்தினார். அவளுக்கு எப்போது வேண்டுமோ அப்போது அவளே கேட்கட்டும், நானே கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். டாக்டர் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவர்தான், நம்பர் ஒன்றும் ரகசியமில்லை. ஆனாலும் அது என் கையிலிருந்து போகக் கூடாது என்று நினைத்தேன். அந்தப் பெண் டாக்டரிடம் போகவில்லை. பார்க்க வந்தவர்கள் பல்லைப் பற்றி ஏதோ கேட்டார்களாம். அந்த இடம் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாளாம். அதற்கும் காரணம் நான்தான் என்று நாத்தனார் வடகரை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லட்டும்.

இருபத்தாறாவது செட் ஐப்பசியிலேயே முடிந்திருந்தது. இரண்டு பற்கள் சரியாகத் திரும்பவில்லை என்று இன்னும் நாலு செட் போட்டார்கள். அதுவும் முடிந்து, ஒட்டியிருந்த பொட்டுகளைத் தேய்த்து எடுத்துவிட்டார்கள். வாய் முழுக்க வழவழவென்று வேறு யாருடைய வாய் போலவோ இருந்தது. இனி தூங்கும்போது ஒரு உறை போட்டுக்கொள்ள வேண்டும், அதுவும் ஆயுளுக்கும் என்றார் டாக்டர். விட்டால் பல் பழைய இடத்துக்கே போகப் பார்க்குமாம்.

பிரஷ் இப்போது எல்லா இடுக்கிலும் போகிறது. ஈறில் ரத்தம் வருவதில்லை. போன வாரம் தம்பி வந்தபோது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்பா அப்போதே உனக்கும் போட்டுவிட்டிருக்கலாம் அக்கா என்றான். ஆமாம் என்றேன். அவனுக்குச் சோறு போட்டேன். அதற்குமேல் அதைப் பற்றி அவனோடு பேச எனக்கு இஷ்டமில்லை.