உப்பளத்துப் பங்காளிகள்

முதலில் கால் வீங்கியது. நாளெல்லாம் உப்பளத்தில் நிற்கிற கால் வீங்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். பிறகு நீர்க்கடுப்பு, குளிர்காய்ச்சல். ரத்தத்தைச் சோதித்துவிட்டு, கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கூடியிருக்கிறது என்றார்கள்.

ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று மருத்துவர் கேட்டார். வெட்கப்பட்டுக்கொண்டு, "மறந்துடுவேங்க" என்றேன். இதைப் படிக்கிற பெண்களே, நீங்களாவது மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எங்கள் மகளிர் குழுவைத் தேடி வந்தார்கள். உப்பளத்துப் பெண்களுக்குச் சிறுநீரகம் ஏன் கெடுகிறது என்று கண்டுபிடிக்கப் போகிறார்களாம். இந்த ஆய்வில் நீங்களும் பங்காளிகள் என்றார்கள். எங்கள் ஊரில் பங்காளி என்றால் வரப்புக்குச் சண்டை போடுகிறவன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

படிவத்தில் குடிநீர் உண்டா என்று இருந்தது. உண்டு, அளத்தில் டிரம் வைத்திருக்கிறார்கள். கழிவறை உண்டா? வீட்டில் இருப்பதைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, அதற்கும் உண்டு என்றோம்.

சில மாதம் கழித்து முடிவைப் படித்துக் காட்டினார்கள். குடிநீரும் கழிவறையும் இருக்கிறதாம், அதனால் காரணம் வேறாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் மேலும், எங்கள் மேலும்தான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை செல்விக்கும் கால் வீங்க ஆரம்பித்திருந்தது. இந்த அறிக்கை இப்படியே போனால் அவளுக்கும் என் கதிதான்.

எழுந்து நின்று, அறிக்கை படித்த ஆய்வாளரிடம் சொன்னேன். "மேடம், ஒதுங்க எடம் இல்லாமத்தான் நாங்க தண்ணியே குடிக்கறதில்ல. அளத்துல மறைவுக்கு ஒரு செடி இருக்குதா? விடியக்காலையில வந்தா வீட்டுக்குப் போற வரைக்கும் அடக்கிக்கினுதான் இருக்கறோம்."

"இத ஏன்க்கா அப்பவே சொல்லல?"

"நீங்க கேக்கலையேம்மா."

படிவத்துக்குப் பல்கலைக்கழகத்தில் ஒப்புதல் வாங்கியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று இழுத்தார். பங்காளி என்று சொல்லிவிட்டதால் சண்டை போட்டே தீருவோம், மாற்றாவிட்டால் ஒருத்தியும் ஆய்வுக்கு ரத்தம் கொடுக்க மாட்டாள் என்றேன். அந்த ஒரு வரிக்காக எத்தனை கூட்டம், எத்தனை போன்! கடைசியில் எங்கள் வார்த்தையிலேயே வந்தது: 'வேலை செய்யும் இடத்தில் ஒதுங்க எங்கே போவீர்கள்?'

புது அறிக்கை இன்னும் வரவில்லை. காத்திருக்கப் பொறுமையில்லாமல் வரப்பில் நான்கு கழி நட்டு நாங்களே கீற்று கட்டினோம். அந்த மேடமும் வந்து கயிறு பிடித்தார்.

கெட்டது முழுதாகத் திரும்பாது, மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் மருத்துவர். இப்போது அரை நாள்தான் வேலை. முன்பு வீடு போகும் நேரம் ஒன்றுதான் எனக்கு ஒதுங்கும் நேரம். இப்போது உடம்பு கூப்பிட்டால் அதுதான் நேரம்.

கீற்று கட்டிய மறுநாள் செல்வி பாதி வேலையில் மறைப்புக்குள் போய் வந்தாள். வந்தவள் என் கையிலிருந்த குடிதண்ணீர்ச் சொம்பை வாங்கினாள். அதுவரை அளத்தில் அவள் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. ஒரு சொட்டு மீதி வைக்கவில்லை.