மஞ்சள் வைத்த சர்டிஃபிகேட்

மருமகளை நிச்சயம் செய்யப் போன அன்று சம்பந்தி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பொண்ணு ரெண்டு வருஷம் கெமிஸ்ட்ரி படிச்சிருக்கா. மூணாவது வருஷத்தை உங்க ஊர்ல முடிக்க விடணும்." அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகியிருந்தது. தான் நடமாடும்போதே மகள் கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம், பாவம். என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் தாம்பூலத் தட்டில் கையை வைத்து, "நான் முடிக்க வெக்கிறேண்ணா, அம்மன் சாட்சி" என்று சொல்லிவிட்டேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். மூன்றாவது வருஷத்தை முடிப்பது என்றால் மூன்றாவது வருஷ வகுப்பில் போய் உட்காருவது என்றுதான் நினைத்திருந்தேன்.

கல்யாணம் முடிந்து, அவளைக் கூட்டிக்கொண்டு உத்திரமேரூரிலிருந்து பஸ் ஏறி, காஞ்சிபுரம் பக்கம் இருக்கிற கல்லூரிக்குப் போனேன். என் மகனுக்கு வாலாஜாபாத் தாண்டி ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை, லீவு கிடைக்காது. வீட்டுக்காரருக்குச் சொர்ணவாரி நெல்லுக்குத் தண்ணீர் கட்டுகிற நேரம். ஆகவே வாக்குக் கொடுத்தவளே போனேன். ஆபீஸில் ஒரு கிளார்க். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மார்க் ஷீட்டைப் பார்த்தார்.

"வேற யூனிவர்சிட்டியாம்மா?"

"ஆமா சார். நாலு செமஸ்டரும் பாஸ் பண்ணிக்கீது. அரியர் ஒண்ணுகூட இல்ல."

"பாஸ் பண்ணது அங்க. நாங்க ஒத்துக்க வேணாமா? ஈக்விவலன்ஸ் வாங்கணும்."

"அப்படின்னா இன்னா சார்?"

"அங்க படிச்சதும் இங்க படிக்கறதும் ஒண்ணுதான்னு கமிட்டி சொல்லணும். சொல்லலைன்னா ஃபர்ஸ்ட் இயர்லருந்து சேரணும்."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். இரண்டு வருஷம் விடியற்காலையில் எழுந்து படித்த படிப்பு, மூன்று பஸ் மாறி இந்த ஊருக்கு வந்ததும் இல்லை என்று ஆகிவிடுமா? நடுவழியில் எங்கேயாவது இறக்கி வைத்துவிட்டா வந்தாள்?

அதற்குப் பிறகு நான் அந்தக் கல்லூரிக்கு எத்தனை முறை நடந்தேன் என்று கேட்காதீர்கள். முதல் நாள் டிசி வேண்டும் என்றார். கொண்டுபோனால், மார்க் ஷீட் நகல் மூன்று செட் என்றார். அதையும் கொண்டுபோனால், அவள் படித்த சிலபஸ் முழுதும் வேண்டும், பக்கத்துக்குப் பக்கம் பழைய கல்லூரி பிரின்சிபால் கையெழுத்தும் சீலும் இருக்க வேண்டும் என்றார். ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தால் அவருக்கு என்ன குறைந்துபோயிருக்கும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடைக்காரர் பாய் என்னைத் தூரத்தில் பார்த்தாலே மெஷினைப் போட்டுவிடுவார். "வாம்மா, இன்னிக்கு எத்தினி செட்டு?" என்பார்.

சிலபஸ் வந்ததும் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஒரு பக்கம் அங்கே படித்த பேப்பரின் பெயர், கிரெடிட். எதிரே இங்கே இருக்கிற பேப்பரின் பெயர், கிரெடிட். மருமகள் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். நான் விளக்கேற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒரு பாடம் ஒத்துப்போனால் அவள் முகம் மலரும். ஒத்துப்போகாவிட்டால் பேனாவைக் கடிப்பாள்.

பெரிய தொல்லை பிராக்டிகலில் வந்தது. அவள் கல்லூரியில் லேப் பரீட்சையை வருஷக் கடைசியில் ஒரே தடவையாக வைத்து நாலு கிரெடிட் கொடுத்திருக்கிறார்கள். இங்கே செமஸ்டருக்கு ஒன்றாக இரண்டு, இரண்டு. கிளார்க் விரலை வைத்துக் காட்டினார். "பாருங்க, முதல் செமஸ்டர்ல பிராக்டிகல் காலியா கீது. மூணாவதுலயும் காலி. அப்போ செய்யலைன்னுதான அர்த்தம்?"

"சார், நான் வருஷத்துக்கு ஒரே தடவை மாசியில மொளகாத்தூள் அரைச்சு வெச்சுடுவேன். எங்க பக்கத்து வூட்ல மாசா மாசம் அரைப்பாங்க. அதுக்காக என் வூட்டுக் கொழம்புல காரம் இல்லன்னுடுவீங்களா?"

"அம்மா, கமிட்டிக்கிட்ட மொளகாத்தூள் செல்லாது" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். ஆனால் அந்த இடத்தில் 'இல்லை' என்று எழுதியதை அடிக்கவில்லை.

கடைசியாக மிச்சமிருந்தது மைக்ரேஷன் சர்டிஃபிகேட். பழைய பல்கலைக்கழகம் 'இவள் எங்களை விட்டுப் போகலாம்' என்று கொடுக்கிற காகிதம். அது ஒரு வெள்ளிக்கிழமை தபாலில் வந்தது. மருமகள் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். வெள்ளிக்கிழமை, அதுவும் கேட்டுக்கொண்டிருந்த காகிதம். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நேராகப் பூஜை மாடத்துக்குக் கொண்டுபோய், மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் வைத்து, நடுவில் குங்குமம் இட்டு அம்மன் காலடியில் வைத்தேன். நிலத்துப் பத்திரத்துக்கு அப்படித்தான் வைத்தேன். என் மகனுடைய வேலை ஆர்டருக்கும் அப்படித்தான். ரேஷன் கார்டுக்குக்கூட வைத்திருக்கிறேன், யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை கிளார்க் அதை மெஷினுக்குக் கீழே பிடித்தார். திருப்பிப் பிடித்தார். துணியால் துடைத்துப் பிடித்தார். காகிதத்தின் கீழ்மூலையில் ஒரு கறுப்புக் கட்டம் இருந்ததாம், புள்ளி புள்ளியாக. அதைப் படித்தால்தான் காகிதம் நிஜமா என்று கம்ப்யூட்டருக்குத் தெரியுமாம். என் மஞ்சள் சரியாக அதன்மேல் உட்கார்ந்திருந்தது.

"யாரும்மா இதுல மஞ்சள் பூசனது?"

"நான்தான் சார்."

"ஒரிஜினல்ல பூசலாமா? இது செல்லாதும்மா. புதுசு வாங்கிக்கினு வாங்க. இம்மாசக் கடைசிதான் லாஸ்ட் டேட்."

திரும்பி வரும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டேன். அம்மனைத்தான் உள்ளுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன். உனக்காகத்தானே வைத்தேன், கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கக் கூடாதா? நாலு மூலையில் மூன்று மூலை வெறும் காகிதம், அது உன் கண்ணில் படவில்லையா?

பக்கத்தில் இருந்த மருமகள் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. பாதி தூரம் வந்த பிறகு, "அத்தே, ஆரத்தி கரைக்கிறப்போ மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டா செவப்பாவுதே, அது ஏன் தெரியுமா?" என்றாள்.

"சுண்ணாம்பு போட்டா செவப்பாவும். அதுக்கு இன்னாத்துக்கு ஏன்?"

"அதைத்தான் அத்தே லேப்ல ரெண்டு வருஷமா செஞ்சோம். ஒண்ணுல ஒண்ணை விட்டு, கலர் மாறுற எடத்துல நிறுத்தணும். நீங்க கல்யாணமான நாள்லருந்து செஞ்சிக்கினு கீறீங்க." எங்கள் ஊர்ப் பேச்சை அவள் அப்படிப் பேசிக் காட்டியதும் எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் துண்டை உதறினார். "இன்னாமே, உனுக்கு இந்தப் பேஜாரெல்லாம் தேவையா? ஒரு கொயந்தயப் பெத்துக்கினு அப்பாலிக்காப் படிக்கட்டும்."

"அப்பாலிக்காப் படிச்சவ இந்தத் தெருவுல ஒருத்தி கீறாளா, காட்டுங்க" என்றேன். அவர் பம்பு செட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் நானே மருமகள் பிறந்த ஊருக்குக் கிளம்பினேன். மருமகளுக்கு அன்று காய்ச்சல். பழைய பல்கலைக்கழக ஆபீஸில் டூப்ளிகேட் வாங்க ஒரு படிவம் கொடுத்தார்கள். காரணம் என்ற இடத்தில் மூன்றுதான் அச்சடித்திருந்தது. தொலைந்தது, தீயில் எரிந்தது, வெள்ளத்தில் நனைந்தது. அங்கிருந்த ஆபீசர் சின்ன வயசுக்காரர், நல்ல மாதிரி.

"தொலைஞ்சிடுச்சுன்னு போடுங்கம்மா. எல்லாரும் அதான் போடுவாங்க. போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்தா போதும்."

"கையில வெச்சுக்கினு தொலைஞ்சிடுச்சுன்னு எப்படி சார் எழுதுவேன்? அம்மன் காலடியில வெச்ச காயிதம்."

"அப்போ என்னன்னு எழுதுவீங்க?"

"மஞ்சள் வெச்சேன்னு எழுதறேன்."

அவர் பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்தார். அந்த மேஜைக்காரர் எழுந்து மேலதிகாரியைப் போய்ப் பார்த்தார். ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிறகு கூப்பிட்டு, சேதமான காகிதத்தைத் திருப்பி ஒப்படைத்தால் போலீஸ் லெட்டர் வேண்டாம், அது வேறு படிவம், பத்து நாளில் வரும் என்றார்கள். அந்த வேறு படிவத்தை முதலிலேயே நீட்டியிருக்கலாம். கேட்டேன். "கேட்டாதான் கொடுப்போம்மா" என்றார். இருக்கிறதே தெரியாததை எப்படிக் கேட்பது?

அப்படியே சம்பந்தி வீட்டுக்குப் போனேன். பிராக்டிகல் 'இல்லை' ஆன கதையைச் சொன்னதும் அவர் பரணைக் காட்டினார். சம்பந்தியம்மா ஏறி ஒரு துணி மூட்டையை இறக்கினார்கள். மருமகள் லேபில் எழுதிய ரெக்கார்டு நோட்டு இரண்டு. செய்த நாள், செய்த விதம், ஒவ்வொன்றுக்கும் கீழே அவர்கள் மேடம் கையெழுத்து. தேதிகளைப் பார்த்தால் எட்டாவது படித்த எனக்கே தெரிந்தது: அந்த முதல் செமஸ்டரிலும் மூன்றாவது செமஸ்டரிலும் வாரா வாரம் செய்திருக்கிறாள். "எடைக்குப் போடலாம்னு இவ சொன்னா. நான்தான் விடல" என்றார் சம்பந்தி, மூச்சு வாங்கிக்கொண்டே.

புது சர்டிஃபிகேட் லாஸ்ட் டேட்டுக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. மாடத்துக்கு முன்னால் தூரத்தில் பிடித்துக்கொண்டு கும்பிட்டேன். கையில் ஈரம்கூட இல்லை.

கிளார்க் மெஷின் அதைப் படித்துவிட்டது. ரெக்கார்டு நோட்டுக்களை அவர் தொடவில்லை. "இதெல்லாம் நான் சொல்ல முடியாது, டிபார்ட்மெண்ட் ஹெட்டைப் பாருங்க" என்றார். ஹெட் ஒரு மேடம். ஐம்பது வயசிருக்கும். நோட்டுக்களை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"ரெக்கார்டு யார் வேணா எழுதலாம். செஞ்சு காட்டுவியா?"

"காட்டுறேன் மேடம்" என்றாள் மருமகள்.

நான் லேப் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். உள்ளே நீளமான கண்ணாடிக் குழாயிலிருந்து அவள் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு, கீழே இருந்த குடுவையை மற்றொரு கையால் சுழற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீர் மாதிரி இருந்தது. வெகுநேரம் தண்ணீர் மாதிரியே இருந்தது. நான் அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன், திட்டியதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். அவள் கை சட்டென்று குழாயை மூடியது. குடுவை லேசாக, மிக லேசாக, ரோஜா நிறமாகியிருந்தது.

மேடம் குனிந்து பார்த்தார். "இன்னும் ஒரு சொட்டு விட்டிருந்தா ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு, மேஜைக்குப் போய்ப் படிவத்தில் 'இல்லை' என்றிருந்த இரண்டு இடத்தையும் அடித்து, எழுதிக் கையெழுத்துப் போட்டார். எல்லாம் கால் மணி நேரம். இந்தக் கால் மணி நேரத்தை முதல் நாளே கொடுத்திருக்கலாம் அல்லவா?

கமிட்டியின் கடிதம் அடுத்த மாதம் வந்தது. மூன்றாவது வருஷத்தில் சேரலாம். கெமிஸ்ட்ரி, கணக்கு, இங்கிலீஷ் எல்லாம் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் மூன்று பேப்பர் திரும்ப எழுத வேண்டும். முதல் வருஷத் தமிழ் இரண்டு. சுற்றுச்சூழல் ஒன்று.

"சார், தமிழ்ல எண்பத்தாறு வாங்கிக்கீது" என்றேன்.

"அந்தப் புஸ்தகம் வேற, இந்தப் புஸ்தகம் வேறம்மா."

"சுற்றுச்சூழல்? அந்த ஊர்க் காத்து வேற, இந்த ஊர்க் காத்து வேறயா?"

"காத்து ஒண்ணுதான். சிலபஸ் வேற" என்றார். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. மருமகள் என் கையைப் பிடித்து, "விடுங்க அத்தே, மூணுதான" என்றாள்.

இப்போது அவள் காலை பஸ்ஸில் போகிறாள். வகுப்பில் மூன்றாவது வருஷப் பாடம், வீட்டுக்கு வந்தால் முதல் வருஷத் தமிழ். சம்பந்திக்குப் போன் போட்டு, "சேர்ந்துடுச்சுண்ணா" என்று மட்டும் சொன்னேன். முடித்துவிட்டாள் என்று சொல்கிற நாளைக்கு இன்னும் ஒரு வருஷமும் மூன்று பேப்பரும் இருக்கின்றன.

பட்டம் வருகிற அன்று எப்படியும் வெள்ளிக்கிழமையாகத்தான் அமையும், என் ராசி அப்படி. மஞ்சள் வைக்காமல் என்னால் இருக்க முடியாது. ஆகவே இப்போதே பஜார் கண்ணாடிக் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். முதலில் ஃப்ரேம். பிறகு மஞ்சள், கண்ணாடிக்கு மேலே.